பினாங்கு ஹாஸ்டலில் தங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

மூன்று கூட்டாளிகள் சேர்ந்து பினாங்கு வருகிறார்கள். செலவு குறையட்டும் என்று ஹாஸ்டலில், அதாவது பொது அறையில் கட்டில் கட்டிலாக வாடகைக்கு விடும் பயணிகள் விடுதியில், ஆளுக்கொரு படுக்கையைப் பதிவு செய்கிறார்கள். படுக்கை 45 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால் மூவருக்கும் 135 வெள்ளி. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் அந்தக் காசுக்குப் பல நாட்களில் சாதாரண ஹோட்டலில் மூவர் படுக்கும் தனி அறையே கிடைக்கும், குளியலறையோடு. ஹாஸ்டல் என்றாலே மலிவு என்று கூட்டிப் பார்க்காமல் முடிவெடுப்பதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு.

தனியாக வருகிறவருக்குத்தான் இந்தக் கணக்கில் லாபம். பேச்சுத்துணை கிடைப்பதும் அவருக்குத்தான். கும்பலாகப் போனால் அங்கேயும் நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்போம். பக்கத்துக் கட்டில்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவார்.

சரி, தனியாகத்தான் வருகிறீர்கள். படுக்கை எங்கே பார்ப்பது? ஜார்ஜ்டவுனில் சூலியா தெரு, லவ் லேன் பக்கம்தான் ஹாஸ்டல்கள் நிறைய. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் இது. பல ஹாஸ்டல்கள் அந்தக் காலத்துக் கடைவீடுகளில் நடக்கின்றன. முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். அதனால் நடு அறைகளுக்குப் பெரும்பாலும் ஜன்னலே இருக்காது. மாடியில் மரத்தரை, நள்ளிரவில் ஒருவர் கழிப்பறைக்குப் போனால் அறை முழுக்கச் சத்தம் கேட்கும். படத்தில் அழகாகத் தெரிகிறது என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். ஜன்னல் உண்டா, மதுக்கடைகளுக்கு எவ்வளவு பக்கம் என்று தங்கியவர்கள் எழுதியதைப் படியுங்கள். லவ் லேனில் வார இறுதி இரவில் தெருப்பக்க அறை எடுத்துவிட்டுத் தூக்கத்தை எதிர்பார்ப்பது வீண். அதையெல்லாம் விட்டு, பத்து வெள்ளி குறைகிறது என்று நகரத்தைவிட்டுத் தள்ளி, விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் பக்கம் போனால், மிச்சம் பிடித்தது கிராப் வாடகைக் காருக்கே போய்விடும்.

வந்து சேரும் நேரத்திலும் பலர் கோட்டை விடுகிறார்கள். கோலாலம்பூரிலிருந்து இரவு பஸ் எடுத்தால் விடிவதற்கு முன்பே கொண்டுவந்து இறக்கிவிடும். டிக்கெட்டில் பினாங்கு என்று இருந்தாலும், இறங்குமிடம் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தா, தீவிலுள்ள சுங்கை நிபோங்கா என்று பார்க்க வேண்டும். பட்டர்வொர்த் என்றால் ஃபெர்ரியில் கடலைத் தாண்டி, படகுத்துறையிலிருந்து சூலியா தெருவுக்கு நடந்தே போகலாம். சுங்கை நிபோங் என்றால் நகரத்துக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். சின்ன ஹாஸ்டல்களில் அந்நேரம் கவுன்டரில் ஆள் இருக்க மாட்டார். கட்டிலும் மதியத்துக்கு மேல்தான். கதவுக்கு ரகசிய எண் உண்டா, பையை முன்னாடியே வைக்க விடுவார்களா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

அப்புறம், பொது அறையில் நடந்துகொள்ளும் விதம். ஊருக்கு வீடியோ கால் போட்டு, ஸ்பீக்கரில் அம்மாவிடம் "சாப்பிட்டியா" கேட்டுக்கொண்டிருப்பதை நான் பார்க்காத ஹாஸ்டல் இல்லை. அதைவிடக் கொடுமை பிளாஸ்டிக் பை. காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர் ஒவ்வொரு பையாகச் சரசரவென்று பிரித்தால் எட்டுப் பேரும் எழுந்துவிடுவார்கள். இரவே கட்டி வைத்துவிடுங்கள். டுரியான் பருவத்தில் வாயைக் கட்ட முடியாதுதான், ஆனால் பழத்தைக் கடையிலேயே தின்று முடித்துவிட்டு வாருங்கள். உள்ளே கொண்டுபோனால் அபராதம் கேட்கும் இடங்கள் உண்டு. லாக்கர் இருக்கும், ஆனால் பூட்டு இருக்கும் என்று சொல்ல முடியாது. சொந்தப் பூட்டு ஒன்று பையில் கிடக்கட்டும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களின் உருண்டைக் கால் பிளக் இங்கே செருகாது, சதுரக் கால் அடாப்டர் வேண்டும். பெண்கள் பதிவு செய்யும்போது பெண்களுக்கு மட்டுமான அறைதானா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பது நல்லது. விலை குறைவாக முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் இருபாலரும் தங்கும் அறைதான்.

மனிதர்களோடு பழகத்தான் ஹாஸ்டல் என்று வந்துவிட்டு, கட்டில் திரையை இழுத்து மூடிக்கொண்டு போன் நோண்டுவது இன்னொரு தவறு. காலையில் பசியாறும் மேசையில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) 204 பஸ், தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்கு 101 என்று சொல்லிப் பாருங்கள், யாராவது கூட வருவார்கள். சோற்றின் மேல் பலவகைக் குழம்பை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடைக்கு நாலு பேராகப் போனால் கோழி, மீன் முட்டை, கணவாய் என்று எல்லாவற்றையும் ருசி பார்க்கலாம். தனி ஆளுக்கு அது முடியாது. ஆனால் பழகிய ஐந்தாவது நிமிடமே சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஆரம்பிக்க வேண்டாம். நமக்கு அது அக்கறை. ஜெர்மனிக்காரருக்கு அது விசாரணை.

வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு, அறைக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி. படுக்கை எடுக்கிறவரிடம் எப்படி வாங்குகிறார்கள் என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டால் கவுன்டரில் வாக்குவாதம் இருக்காது.

தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் கடைசி வாரத்தில் இடம் தேடுவது வீண் வேலை. முந்தின நாளே நகரத்திலிருந்து முருகன் கோயிலுள்ள தண்ணீர்மலைக்கு ரதம் புறப்பட்டுவிடும், அதற்கும் ஒரு நாள் முன்பே வந்துவிடுவதுதான் வசதி. படுக்கை கிடைத்துவிட்டால், அந்த நாட்களில் ஹாஸ்டல் கூடத்தில் தமிழ் தெரிந்த ஆளுக்கு இருக்கும் மவுசே தனி. காவடி ஏன், தேங்காய் ஏன் உடைக்கிறார்கள், செருப்பை எங்கே விடுவது என்று கேட்டு எல்லாரும் உங்களைத்தான் சுற்றுவார்கள்.