பள்ளி மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி: சுருளிலிருந்து சுவர்வரை

சென்னையில் ஓவியம் படித்த நண்பர்களின் வேலைகளையும் திருகோணமலைப் பிள்ளைகள் வரைந்தவற்றையும் ஒரே சுவரில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் நாங்கள் தொடங்கியது இது. செய்து முடித்த பிறகு, "எப்படி மாட்டினீர்கள்?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அதனால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

நம் ஊரில் கைக்கு எட்டுவது பள்ளிக்கூட மண்டபம், நூலகத்தின் மேல்மாடி, இல்லாவிட்டால் ஒரு சனசமூக நிலையம். குளிரூட்டிய வெள்ளை அறை இருந்தால்தான் சமகால ஓவியத்தைக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கலைஞர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று 2012 டிசம்பர் 12ஆம் திகதி தொடங்கிய, ஈராண்டுக்கு ஒருமுறை கேரளத்தில் நடக்கும் கலைவிழாவான கொச்சி-முசிரிஸ் பினாலேயின் முதன்மை இடமே ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வணிக நிறுவனத்தின் வளாகம்தான். கடலை ஒட்டிய பண்டகசாலைகள், பூச்சு உதிர்ந்த சுவர்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த வேலைகள் அந்தச் சுவர்களில்தான் நின்றன. உவர்க்காற்றில் நிற்கும் நம் மண்டபங்களுக்கும் அது முடியும். ஆனால் மாட்டும் வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒரு பிள்ளை மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்ததைக் கோணலாக, உச்சியில், கண் கூசும் வெளிச்சத்தில் தொங்கவிடுவது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

அதிபருக்குக் கடிதம் கொடுப்பது, அழைப்பிதழ் அடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நேரே வேலைக்கு வருகிறேன்.

படி 1: மாதமும் மண்டபமும்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வேண்டாம். வடகீழ்ப் பருவமழையில் சுவரே வியர்க்கும், தாள் நெளியும், பூஞ்சணம் பிடிக்கும். ஆனி, ஆடியில் ஈரம் குறைவு, ஆனால் கச்சான் காற்று மண்டபத்துக்குள் புகுந்து படங்களை ஆட்டும். என் தெரிவு மாசி முதல் சித்திரை வரை.

மண்டபத்தைப் பின்னேரம் நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள். மேற்கு யன்னல் வழியாக வெயில் எந்தச் சுவரில் விழுகிறதோ அந்தச் சுவரில் தாள் ஓவியம் எதையும் மாட்டக்கூடாது. பிறகு சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கை வெள்ளையானால் அது சுண்ணாம்புச் சுவர், ஒட்டும் பட்டி எதுவும் அதில் நிற்காது.

படி 2: சுருட்டிக் கொண்டுவருதல்

இந்தியாவிலிருந்து கான்வஸை மரச்சட்டத்தோடு கொண்டுவருவது பெரிய செலவு. கழற்றிச் சுருட்டித்தான் கொண்டுவர வேண்டும். சுருட்டும்போது வர்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கட்டும். கேட்டவுடன் இது தலைகீழாகத் தோன்றும். வர்ணத்தை உள்ளே வைத்துச் சுருட்டினால் படலம் நெருக்குப்பட்டு மடிந்து பொரிந்துவிடும். வெளியே இருந்தால் சற்று இழுபடும், விரித்ததும் பழையபடி படியும்.

4 அங்குல பிவிசி குழாயின் மேல் சுருட்டி, அதை 6 அங்குலக் குழாய்க்குள் நுழைத்து, இரு முனையையும் மூடுங்கள். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் சாதாரணக் குழாயே போதும். அக்ரிலிக் வர்ணம் சூட்டில் இளகிப் பிசுபிசுக்கும். ஆகவே இடையில் கேக் வேகவைக்கும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பரை வையுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஏறும். குமிழ் பிளாஸ்டிக் வர்ணத்தின் மேல் நேரடியாகப் பட்டால் வட்ட வட்டமாக அடையாளம் விழும், அதைப் பிறகு எடுக்க முடியாது. வான் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவதானால் குழாயைக் கையோடு இறக்கிக்கொண்டு போங்கள்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வரும் சிறிய விமானத்தில் கொண்டுவருவதாக இருந்தால், நீளமான பொதியை ஏற்றுவார்களா என்று முன்னரே கேட்டு வையுங்கள்.

படி 3: பிரேம்

நம் பிரேம் கடைகளில் சாமிப் படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் அடிப்பதுபோல, தாளைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து அடித்துவிடுவார்கள். இந்தக் கடற்கரை ஈரத்தில் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கப் போனால் வர்ணமும் சேர்ந்து வரும். இடையில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்னால் அடிக்கும் ஹார்ட்போர்டுக்கும் ஓவியத்துக்கும் நடுவில் அமிலம் நீக்கிய தாள் ஒன்று போடுங்கள்.

பிரேம் அடிப்பவருடன் நின்று பேசுங்கள், அவரை அவசரப்படுத்தாதீர்கள். மும்பையில் இந்திய நவீன ஓவியர்கள் பலரை முன்னிறுத்திய செமோல்ட் கலரி, கெக்கூ காந்தி நடத்திய பிரேம் தொழிலிலிருந்து வளர்ந்து, 1963இல் ஜஹாங்கீர் கலைக்கூடத்தின் மாடியில் தொடங்கியது. ஓவியத்தை ஆகக் கிட்டத்தில் கையாளுபவர் பிரேம்காரர்தான்.

வார்னிஷ் மினுங்கும் தங்கப் பிரேம் எனக்குப் பிடிக்காது. மெல்லிய கறுப்பு, அல்லது பூசாத மரம். எல்லாப் படத்துக்கும் ஒரே வகை.

படி 4: முதலில் தரையில்

சுவருக்கு எதிரே பாய் விரித்து, படங்களை மாட்டப்போகும் வரிசையிலேயே அடுக்குங்கள். நடந்து பாருங்கள், மாற்றுங்கள், திரும்ப நடங்கள். பெரியவரின் வேலைக்குப் பக்கத்தில் பிள்ளையின் வேலையை வைக்கப் பயப்பட வேண்டாம். கொச்சியில் 2014 முதல் மாணவர்களுக்கென்றே ஒரு பினாலே நடக்கிறது.

சின்னச் சின்னத் தாள் ஓவியங்கள் நிறைய இருந்தால் ஒரே வரிசையில் இழுக்காமல் கட்டம் கட்டமாகச் சேர்த்து மாட்டுங்கள். அலிகாரில் 1937இல் பிறந்த சரீனா ஹாஷ்மி, தான் வாழ்ந்த வீட்டின் நினைவுகளிலிருந்து 1999இல் 36 மரச்செதுக்கு அச்சுப்படிகள் செய்தார். ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல், சில கோடுகள். அவை கட்டமாகச் சேர்ந்து நிற்கும்போது ஒரு முழு வீட்டைப் பார்க்கிறோம். வீடு விட்டு வீடு போன கதை நமக்குப் புதிதல்ல. அந்த வேலையின் படத்தைக் காட்டியபோது எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

படி 5: உயரம்

எங்களுக்கு ஆகக் கூடுதலான நேரம் எடுத்தது இதுதான், கேள்விகளும் இதைப் பற்றித்தான் அதிகம். ஆகவே மெதுவாகச் சொல்கிறேன்.

படங்களின் மேல்விளிம்பை ஒரே கோட்டில் வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு படத்தின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். அருங்காட்சியகங்களில் 145 முதல் 155 வரை வைப்பார்கள், வளர்ந்த ஒருவரின் கண்மட்டத்தை ஒட்டிய அளவு அது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் பார்க்க வருவார்கள் என்றால் நான் 140க்கு இறக்குவேன்.

இந்த அளவுக்கு ஏன் இத்தனை பிடிவாதம்? சென்னையை அடுத்த சோழமண்டல ஓவியர் கிராமத்தை 1966இல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள். எழுத்துப் போன்ற கிறுக்கல்கள், சாதகக் கட்டம் போன்ற கோடுகள், சின்னச் சின்ன உருவங்கள். அருகே போய், வாசிக்கப் போவதுபோல நின்று பார்க்க வேண்டிய வேலை அது. சாமிப் படம் மாட்டும் உயரத்தில் அதைத் தொங்கவிட்டால் அந்த வரிகள் முழுவதும் வீண். அதே கிராமத்தில் வாழ்ந்த ஓவியர் கே. ராமானுஜம் பேனா மையால் வரைந்த கனவு மாளிகைகளும் அப்படித்தான். ஒரு முழத் தூரத்தில் நின்றால்தான் உள்ளே நுழைய முடியும்.

சரி, கணக்கு. பழைய மண்டபங்களின் தரை மட்டமாக இருக்காது. ஒவ்வொரு படத்துக்கும் தரையிலிருந்து அளந்தால் வரிசை சரிந்து போகும். ஆகவே ஒரே ஒரு இடத்தில் 150 செ.மீ. அளந்து குறித்து, அந்த மட்டத்தைச் சுவரின் மறுமுனைக்குக் கொண்டுபோய், இரண்டுக்கும் இடையே நூல் கட்டுங்கள். மட்டத்தைக் கொண்டுபோக, மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய தெளிந்த குழாயைத்தான் நான் பரிந்துரைப்பேன். கைபேசிச் செயலியை நீண்ட சுவருக்கு நம்ப மாட்டேன். குழாயில் காற்றுக்குமிழ் இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பொய் சொல்லாது.

இப்போது படத்தைத் திருப்பி, பின்னால் கட்டிய கம்பியை, இரண்டு ஆணிகள் வரப்போகும் இடங்களில் இரு விரலால் மேலே இழுங்கள். இழுத்த கம்பிக்கும் பிரேமின் மேல்விளிம்புக்கும் இடையே எவ்வளவு என்று அளந்து பாருங்கள். பிரேமின் உயரத்தில் பாதியிலிருந்து அந்த அளவைக் கழியுங்கள். வருவதுதான் நூலுக்கு மேலே ஆணி அடிக்க வேண்டிய தூரம்.

பிரேம் 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். பாதி 30. கம்பி மேல்விளிம்பிலிருந்து 8 செ.மீ. கீழே நிற்கிறது. 30இல் 8 போக 22. நூலுக்கு மேலே 22 செ.மீ.யில் ஆணி, அவ்வளவுதான். ஒவ்வொரு படத்துக்கும் இந்தக் கணக்கைத் தனித்தனியே செய்து, எண்ணைப் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். ஒரே அளவுப் பிரேம்களிலும் கம்பியின் தொய்வு ஒன்றுபோல் இருக்காது.

பக்கவாட்டு இடைவெளிக்குச் சுவரின் நீளத்திலிருந்து எல்லாப் படங்களின் அகலத்தையும் கழித்து, மிச்சத்தைப் படங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிப் பிரியுங்கள். 600 செ.மீ. சுவரில் 60 செ.மீ. அகலப் படங்கள் ஐந்து என்றால், மிச்சம் 300, ஆறால் பிரிக்க 50.

படி 6: ஆணி, கம்பி, தங்கூசி

இரும்பு ஆணி நம் கடற்காற்றில் கறள் பிடித்துச் சுவரில் கோடு இறக்கும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கு வாங்குங்கள். பழைய தடித்த சுவருக்கு டிரில்லும், ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் ரோல்பிளக்கும்.

ஒரு படத்துக்கு இரண்டு ஆணி. ஒற்றை ஆணியில் தொங்கும் படம் காற்றில் சுழன்று கோணலாகிவிடும். பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கமாகச் சிறிய ரப்பர் துண்டு ஒட்டினால் அசையாது, சுவரோடு ஒட்டாமல் காற்றோட்டமும் இருக்கும்.

சுவரில் ஓட்டை போட அனுமதி இல்லையென்றால் மேலே கூரையைத் தாங்கும் மரமான வளையிலிருந்து தொங்கவிட வேண்டும். திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் மீன்பிடிக்கும் நைலோன் நூலான தங்கூசியைத்தான் எடுத்துத் தருவார்கள். கண்ணுக்குத் தெரியாது, பலமானது, மலிவு. ஆனால் பாரம் ஏறினால் அது மெல்ல மெல்ல நீளும். மாலையில் நேராக நின்ற வரிசை காலையில் படிக்கட்டாக இறங்கியிருக்கும். தங்கூசிதான் வேண்டுமென்றால், வெட்டிய துண்டுகளில் படத்தின் எடைக்குச் சமமான பாரத்தைக் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டு, நீண்டு முடிந்த பிறகு பயன்படுத்துங்கள். முடிச்சைத் துறைமுகத்துத் தொழிலாளர் ஒருவரிடம் போடச் சொல்லுங்கள், நம் முடிச்சு வழுக்கும். நான் எப்போதும் தேர்வது மெல்லிய உருக்குக் கம்பி.

படி 7: வெளிச்சம்

டியூப் விளக்கை அணைத்துவிடுங்கள். மஞ்சள் சாயல் கலந்த எல்ஈடி, 3000 கெல்வின் அளவில், மேலிருந்து, செங்குத்துக் கோட்டுக்கு 30 பாகை சரிவில் விழட்டும். அதைவிடச் செங்குத்தாக விழுந்தால் பிரேமின் நிழல் படத்தில் ஏறும், சரிவு கூடினால் கண்ணாடி மினுங்கும். தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) போதும்.

படி 8: பெயர்ச்சீட்டு

ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. அச்சுப்படியானால் எத்தனையில் எத்தனையாவது என்று 3/10 என்பதுபோல எழுதுங்கள். நம் ஊரில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருக்க வேண்டும், மூன்றும் ஒரே எழுத்தளவில். சிங்களத்தைச் சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திய பிறகே அச்சடியுங்கள். சீட்டை எப்போதும் படத்தின் வலப்பக்கம், கீழ்விளிம்பை ஒட்டி வையுங்கள். படத்துக்கு விளக்கவுரை எழுதாதீர்கள், ஓவியரை மண்டபத்தில் நிறுத்துங்கள். கேட்பவர்களுக்கு அவர் சொல்லட்டும்.

முடிந்ததும் ஓட்டைகளைப் பட்டி பூசி அடைத்து, அதே நிறத்தில் பெயின்ற் அடித்து, அதிபரை அழைத்துச் சுவரைக் காட்டிய பிறகு திறப்பைக் கொடுங்கள். அடுத்த முறையும் மண்டபம் வேண்டும்.

பின்சேர்க்கை: நீங்கள் கேட்டவை

"அப்பா சென்னையில் வாங்கி வைத்த பழைய ஓவியத்தையும் கொண்டுவரலாமா?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். முதலில் வயதைப் பாருங்கள், அக்கா. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த ஓவியத்தைத் தனியார் வெளியே கொண்டுபோக முடியாது. ரவி வர்மா, அம்ரிதா ஷேர்-கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ் போன்ற சிலரின் வேலைகளுக்கு வயது எதுவானாலும் தடைதான். இன்றைய ஓவியர்களின் வேலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் ஓவியர் கையெழுத்திட்ட கடிதம், ஆண்டு, படம் மூன்றையும் சுங்கத்தில் காட்டக் கையில் வைத்திருங்கள்.

சுண்ணாம்புச் சுவர், ஆணியும் கூடாது, வளையும் இல்லை என்று எழுதிய தம்பிக்கு: பள்ளிக்கூடத்து மேசைகளைச் சுவரோரம் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பிரேம்களைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். பார்ப்பவர்கள் குனிய வேண்டியிருக்கும். ஆகவே மை ஓவியம், அச்சுப்படி போன்ற சிறிய வேலைகளை மட்டும் தெரியுங்கள்.

வீடியோ வேலைகளைப் பற்றி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இந்திய வீடியோக் கலைஞர் நளினி மலானி போன்றவர்களின் நிழலும் அசைபடமும் கலந்த வேலைகளைப் பார்த்துவிட்டு அப்படியொன்றைச் செய்ய ஆசைப்படுவது நியாயம்தான். மண்டபத்தோடு ஒட்டிய சிறிய களஞ்சிய அறையைக் கேளுங்கள். கறுப்புத் துணியை இரட்டையாக யன்னலில் அடியுங்கள், ஒற்றைத் துணியில் நம் வெயில் ஊடுருவும். புரொஜெக்டரின் காற்றுத் துவாரத்தைத் துணி மூடாமல் பாருங்கள். மின்சாரம் நின்று திரும்பி வரும்போது வீடியோவை மறுபடி ஓடவிட ஒருவர் கட்டாயம் அறைக்குள் இருக்க வேண்டும்.