பல்சார் வழியாக ஹைட்ரஜனை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் இயற்பியல் முதுகலை படிப்பவர்கள் வானொலி வானியலில் ஆய்வுத் திட்டம் எடுக்க நினைத்தால், பக்கத்தில் இருக்கும் ஊட்டித் தொலைநோக்கிதான் முதலில் மனத்துக்கு வரும். ஆனால் பல்சாரை, அதாவது சீரான இடைவெளியில் வானொலித் துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீனை, விளக்காகக் கொண்டு இடையிலுள்ள ஹைட்ரஜன் வாயுவை ஆராயும் வேலைக்கு அது உதவாது. அது ஏறத்தாழ 327 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. ஹைட்ரஜன் அணு வானொலி அலையை உமிழும், உறிஞ்சும் 21 செ.மீ. கோடு இருப்பதோ 1420 மெகாஹெர்ட்ஸில். புனே அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி. வானொலித் தொலைநோக்கி போன்றவற்றின் தரவே வேண்டும்.

முறை அழகானது. பல்சார் துடிக்கும்போது பதிவான நிறமாலையிலிருந்து, துடிப்பற்ற இடைவெளியில் பதிவானதைக் கழித்தால், இடையிலுள்ள வாயு எந்த அலைநீளத்தில் எவ்வளவு உறிஞ்சியது என்று காட்டும் உட்கவர் நிறமாலை கிடைக்கும். பல்சார் வேகமாக நகர்வதால், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தால் நம் பார்வைக்கோடு வாயுவின் வேறொரு பகுதியைத் துளைத்துச் செல்லும். எவ்வளவு தள்ளி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நொடிக்கு 100 கி.மீ. வேகம் என்றால் ஆண்டுக்கு 21 வானியல் அலகு (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்). ஆனால் அது பல்சார் நகர்ந்த தூரம். ஏற்காடு மலைப்பாதையில் நமக்கு அருகே பனிமூட்டம் நிற்க, எதிர்ச்சரிவில் ஒரு பஸ் நூறடி நகர்ந்தாலும், அதன் விளக்கை நோக்கிய பார்வை பனிக்குள் சில அடிகளே நகரும். வாயு பாதித் தொலைவில் இருந்தால் 21 என்பதையும் பாதியாக்க வேண்டும். பூமியின் சுற்றுப்பாதை நகர்வையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, இரு முறை பார்த்ததில் உட்கவர்தலில் கண்ட மாறுதலை அப்படியே ஒரு வாயு உருண்டையாகக் கற்பனை செய்வது. 1994இல் அரசிபோ வானொலித் தொலைநோக்கியின் தரவை ஆராய்ந்த ஃப்ரெயில் குழுவினர் 5 முதல் 100 வானியல் அலகு அளவுகளில் மாறுதல்களை அறிவித்தார்கள். அவற்றை உருண்டைகளாகக் கொண்டால் ஒரு கன செ.மீ.க்குப் பல்லாயிரம் அணுக்கள் தேவைப்படும். சாதாரணக் குளிர்மேகத்தில் இருப்பது சில பத்துகளே. அவ்வளவு அழுத்தம் கொண்ட உருண்டை விரைவில் விரிந்து கலைந்துவிடும். நம் பார்வைத் திசையிலேயே நீண்டு கிடக்கும் தகடுகளும் இழைகளும் இந்தச் சிக்கலைக் குறைக்கும் என்றார் வானியலாளர் கார்ல் ஹைல்ஸ், 1997இல். பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் அவினாஷ் தேஷ்பாண்டே 2000இல் இன்னும் ஆழமாகச் சென்றார்: அருகருகே உள்ள இரு பார்வைக்கோடுகளின் உட்கவர்தல் வேறுபாட்டில் எல்லா அளவிலான கட்டமைப்புகளின் பங்கும் கலந்திருக்கிறது, அந்தக் கோடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தையே மேகத்தின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என் பார்வையில் இத்துறையின் மிகத் தெளிவான வாதம் இதுதான். வாயுவின் வெப்பநிலை மாறினாலும் உட்கவர்தல் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இத்தனைக்கும் முன்னால், மாறுதல் உண்மையானதுதானா என்று பார்க்க வேண்டும். 2003இல் பார்க்ஸ் தொலைநோக்கி வழியாகத் தேடியவர்களுக்குக் குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் தென்படவில்லை. ஹைட்ரஜன் தானே ஒளிர்வதால், கோடு விழும் அலைவரிசைகளில் இரைச்சல் கூடுதலாக இருக்கும். கோட்டுக்கு வெளியே அளந்த இரைச்சலை உள்ளேயும் பொருத்தினால் வெறும் ஏற்ற இறக்கம் கண்டுபிடிப்பாகத் தோன்றும். துடிப்பற்ற நிறமாலையைக் கொண்டு ஒவ்வொரு அலைவரிசைக்கும் இரைச்சலைத் தனித்தனியே கணக்கிடுங்கள்.