லேட் ஆனால் ஆகட்டும்: புது நகரப் பேருந்து ஓட்டுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வருகிற ஓட்டுநர்களுக்குத் தடம் காட்டுகிற வேலை எனக்கு அடிக்கடி வரும். ஆள் மாறுகிறார்களே தவிர, தவறு மாறுவதில்லை. சேர்ந்த புதிதில் நாங்கள் எதையெல்லாம் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டோமோ, அதையே வரிசை பிசகாமல் செய்கிறார்கள். சிக்னலை மதியுங்கள், போனைத் தொடாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை; அது தெரியாதவர் கையில் லைசென்ஸே இருக்கக் கூடாது. நடத்துநர் இல்லாமல் ஓட்டுநரே டிக்கெட்டும் கொடுக்கிற பேருந்தை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

## உருட்டிக்கொண்டே சில்லறை கொடுப்பது

நிறுத்தத்தில் நாலு பேர் ஏறியாயிற்று. பின்னால் ஹாரன். கதவை மூடி, வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே நாலாவது ஆளுக்கு மீதியை எண்ணுவார்கள். கண் சில்லறைத் தட்டில், ஒரு கை ஸ்டீயரிங்கில். மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது வேகமே இல்லை என்று தோன்றும். ஆனால் மூன்று நொடி எண்ணினால் அதற்குள் வண்டி எட்டு மீட்டர் போயிருக்கும். பேருந்தைப் பிடிக்க ஓடிவருகிறவர் எட்டிப் பார்ப்பதும், நமக்குச் சுத்தமாகத் தெரியாததும் கதவுப் பக்க முன்மூலைதான். ஹேண்ட் பிரேக் போடுங்கள், டிக்கெட்டையும் மீதியையும் கொடுத்து முடியுங்கள், இரண்டு பக்கக் கண்ணாடியையும் பாருங்கள், அப்புறம் எடுங்கள். ஹாரன் அடிக்கிறவர் அடித்துக்கொள்ளட்டும்.

## ஸ்டேஜ் மாற்ற மறப்பது

தடத்தில் கட்டணம் மாறுகிற இடம்தான் ஸ்டேஜ். டிக்கெட் மெஷின் அதைத் தானாக மாற்றாத வண்டியில் இது தினமும் நடக்கும். இரண்டு ஸ்டேஜ் தாண்டியும் பழைய ஸ்டேஜிலேயே டிக்கெட் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஏறுகிறவர் வராத தூரத்துக்கும் பணம் கொடுப்பார். பரிசோதகர் ஏறினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

## கட்டணத்துக்காக மல்லுக்கு நிற்பது

கட்டணம் இவ்வளவு என்று ஒரு முறை சொல்லுங்கள். தரவில்லையா, குறித்துக்கொண்டு வண்டியை எடுங்கள். ஓட்டுநர் மீது கை வைக்கிற சம்பவங்கள் பல டிக்கெட் தகராறில்தான் ஆரம்பிக்கின்றன. முக்கியமாக, சீட்டை விட்டு எழுந்து போகாதீர்கள்.

## சொந்தப் பணத்தைக் கலப்பது

கலக்காதீர்கள். கணக்கில் குறைந்தாலும் கேள்வி, கூடினாலும் கேள்வி.

## தாமதத்தை ஈடுகட்ட இடைவேளையைத் தின்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

ஒரு தம்பி, நல்ல கைப்பக்குவம் உள்ள ஓட்டுநர், கடைசி நிறுத்தத்துக்குப் பதினொரு நிமிடம் லேட்டாக வந்து சேர்ந்தார். அட்டவணைப்படி அங்கே பன்னிரண்டு நிமிடம் நிற்க வேண்டும். ஆட்களை இறக்கினார், போர்டை மாற்றினார், எஞ்சினை அணைக்காமலே வண்டியைத் திருப்பினார்.

"எங்கப்பா கிளம்பிட்ட?"

"டைம் ஆச்சுண்ணே. இந்த நடையாவது கரெக்டா எடுத்துடலாம்."

சரியான நேரத்துக்கு எடுத்தும் விட்டார். முகத்தில் பெருமை வேறு.

கடைசி நிறுத்தத்தில் நிற்கிற நேரத்துக்கு இரண்டு வேலை இருக்கிறது. வழியில் ஆன தாமதத்தைச் சரிக்கட்டுவது ஒன்று, ஓட்டுநர் காலை நீட்டுவது இன்னொன்று. அட்டவணையில் இரண்டும் ஒரே எண்ணாக இருப்பதால் முதலாவது இரண்டாவதை விழுங்கிவிடுகிறது. ஒரு நடையில் அப்படி நடந்தால் பரவாயில்லை. தினமும் எல்லா நடையிலும் நடந்தால், ஷிப்ட் முழுக்க நிற்காமல் ஓட்டியதாக ஆகிவிடும்.

உடம்பு கெடுவது ஒரு பக்கம். இதில் இன்னொரு நஷ்டம் இருப்பது புதியவர்களுக்குத் தெரிவதில்லை. அட்டவணை போடுகிறவர்கள் உங்கள் முதுகுவலியைப் பார்ப்பதில்லை, வண்டி கிளம்பிய நேரத்தைப் பார்க்கிறார்கள். கிளம்பிய நேரம் சரியாக இருந்தால், இந்தத் தடத்துக்குக் கொடுத்த நேரம் போதும் என்றுதான் அதற்கு அர்த்தம். நான் ஓட்டிய ஒரு தடத்தில் சாலையைத் தோண்டிப் போட்டு, எல்லா நடையும் தாமதமாகிக்கொண்டிருந்தது. எல்லோரும் இடைவேளையை விட்டுக்கொடுத்துச் சமாளித்தார்கள். புது அட்டவணை வந்தபோது ஓட்ட நேரம் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. நிற்கிற நேரத்தைக் குறைத்திருந்தார்கள், யாரும் அதைப் பயன்படுத்துவதில்லையாம்! சண்டை போடப் போனால் எங்கள் டிரிப் ஷீட்டுகளையே எடுத்து மேசையில் போட்டார்கள். ஒன்றிலும் 'லேட்' என்று யாரும் எழுதியிருக்கவில்லை. அதற்கு மேல் என்ன பேசுவது?

அதனால் லேட்டானால் லேட் என்று எழுதுங்கள். எத்தனை நிமிடம், எந்த இடத்தில், எதனால் என்று எழுதுங்கள். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள். நடையைப் பாதியில் திருப்பவும், உபரி வண்டி விடவும், முன்னால் போகிற வண்டியைச் சற்று நிறுத்திவைக்கவும் அவர்களால்தான் முடியும். தாமதமான வண்டிக்கு நிறுத்தத்தில் கூட்டம் அதிகம் சேரும், ஏற்றவே நேரம் போகும், இன்னும் தாமதமாகும், பின்னால் காலியாக வருகிற வண்டி வந்து ஒட்டிக்கொள்ளும். நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஒரு ஓட்டுநர் தன் டீ நேரத்தை விட்டுக்கொடுத்துத் தீர்க்கிற சமாச்சாரம் இல்லை இது.

வேகத்தில் பிடித்துவிடலாம் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. தடையில்லாத 2 கிலோமீட்டரை 40-க்குப் பதில் 50-இல் ஓட்டினால் மிச்சமாவது 36 நொடி. அடுத்த சிக்னலில் அது போய்விடும். பிரேக் பிடித்து நிற்கிற தூரமோ ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடும், உள்ளே கம்பியைப் பிடித்து நிற்கிறவர்களோடு.

விதி என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 153-ஆம் உடன்படிக்கை (1979) இடைவேளை இல்லாமல் தொடர்ந்து ஓட்டுவதற்கு 4 மணி நேரத்தையும், ஒரு நாளில் ஓட்டுவதற்கு 9 மணி நேரத்தையும், வாரத்தில் 48 மணி நேரத்தையும் பொது வரம்பாக வைக்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. உங்கள் ஊர்ச் சட்டத்திலும் நிறுவன விதியிலும் உள்ள எண்ணை மனப்பாடமாக வைத்திருங்கள். கிளம்பச் சொல்கிற மேலாளரிடம் 'களைப்பாக இருக்கிறது' என்றால் எடுபடாது. விதி எண்ணைச் சொன்னால் எடுபடும்.

## கிடைத்த இடைவேளையைச் சீட்டிலேயே கழிப்பது

இறங்கி நடங்கள். ஜெர்ரி மாரிஸ் குழு 1953-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டியவர்களுக்கு, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்தவர்களைவிட இதய நோய் அதிகம் என்று தெரியவந்தது. நாம் டிக்கெட்டையும் உட்கார்ந்தே கொடுக்கிறோம்.

கண் சொக்கினால் காபியை மட்டும் நம்பாதீர்கள், அது வேலை செய்யவே அரைமணி நேரம் ஆகலாம். முதலில் குடித்துவிட்டு, பதினைந்து இருபது நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

## கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது

குடியுங்கள். சிறுநீர்க் கல் வந்தால் எந்த அட்டவணையும் காப்பாற்றாது.

## கோளாறை வாயால் சொல்லிவிட்டுப் போவது

காற்றழுத்தம் மெதுவாக ஏறியது, கதவு இரண்டாம் முறைதான் மூடியது, எதுவானாலும் புகார்ப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 'மெக்கானிக்கிடம் சொன்னேனே' என்பதை விசாரணையில் யாரும் கேட்க மாட்டார்கள்.