ட்ரெக்குக்கு சோறு காயவைக்கப் போறியளா? வத்தல் நெனப்ப கொஞ்சம் ஓரமா வைங்க

எங்க ஆச்சி சித்திரை பொறந்துட்டா மாடி முழுக்க ஓலப்பாய விரிச்சிருவா, ஒரு பக்கம் மிதுக்கு வத்தல், ஒரு பக்கம் கூழ் வத்தல், நடுவுல மோர் மிளகா, காக்கா வெரட்டுத வேல எங்களுக்கு. அந்தத் தெம்புலதான் மொத மொறை உத்தரகாண்ட் பக்கம் ட்ரெக்கிங் போறதுன்னு முடிவானப்போ, கூட வார பயலுவ எல்லாம் ரெடிமேட் பாக்கெட் வாங்கிக்கிடலாம்னு சொல்லச் சொல்ல, நான் "ஏல, காயப்போடுறது நமக்கு என்ன புதுசா, வீட்டுச் சாப்பாட்டையே காயவச்சு கொண்டாரேன், அங்க போய் தண்ணி ஊத்தி கொதிக்க வச்சுக்கிடலாம்"னு பெரிய இவன் மாதிரி ஏத்துக்கிட்டேன். கொண்டு போனது ஆறு பொட்டலம் கூட்டாஞ்சோறு. அதுல ரெண்ட பிரிச்சு மோந்து பாத்துட்டு அப்படியே கட்டி வச்சுட்டோம், மிச்சத்த பிரிக்கவே இல்ல, அஞ்சு நாளும் மேகிதான். இன்னைக்கும் கல்யாண வீட்டுல எவனாவது என்னய பாத்தா "கூட்டாஞ்சோறு இருக்கால"ன்னுதான் கேக்கான்.

மொத தப்பு அங்கனதான் இருக்கு, வத்தலும் சோறும் ஒண்ணுன்னு நெனச்சது. யோசிச்சுப் பாருங்க, சுண்டக்காயவோ மணத்தக்காளியவோ ஆச்சி சும்மா காயப்போடல, உப்பு போட்ட மோர்ல ஊற வைக்கா, பகல்ல வெயில், ராத்திரி திரும்பவும் மோர்ல முக்குதா, இப்படி நாலஞ்சு நாள். உப்பும் புளிப்பும் சேந்து கிருமிய வளர விடாது, அதுக்கும் மேல கடைசில கொதிக்கிற எண்ணெயில வேற பொரிக்கோம். கூட்டாஞ்சோத்துல என்ன இருக்கு? சாப்பிடுற அளவு உப்பு, வெந்த அரிசி, வெந்த பருப்பு, நிறைய தண்ணி. சமைச்ச சாப்பாட்டுக்கு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல இருக்குறதுதான் ஆபத்து, நம்ம ஊரு சித்திரை வெயில் 38, 40ன்னு அடிச்சாலும் அது கிருமிக்கு தோதான சூடுதான். மாடியில பரப்புன சோறு காயுறதுக்கு முன்னாடி கெட்டுப் போவும். அதனால சமைச்ச சாப்பாட்டுக்கு மெஷின்தான், டிஹைட்ரேட்டர்னு அடுக்கடுக்கா தட்டு வச்சு உள்ள ஃபேன் ஓடுமே அது. கரண்ட் பில்லு பயப்படுற அளவுக்கு இல்ல, 350 வாட்ஸ் மெஷின் பத்து மணி நேரம் முழுசா ஓடினாலும் மூணரை யூனிட்தான்.

ரெண்டாவது தேங்கா. இத கொஞ்சம் நல்லாவே சொல்லணும், ஏன்னா நம்ம ஊரு சமையல்ல தேங்கா இல்லாம எதுவும் கிடையாது, அவியலா தேங்கா, தீயலா வறுத்த தேங்கா, சொதின்னா தேங்காப்பாலேதான், கூட்டாஞ்சோத்துக்கு சீரகத்தோட தேங்கா அரைச்சு ஊத்துனாத்தான் அது கூட்டாஞ்சோறு. ஆனா மெஷின் எடுக்குறது தண்ணிய மட்டுந்தான், கொழுப்பு எங்கயும் போகாது, அப்படியே உக்காந்து காத்தோட சேந்து காறிப் போயிரும். நான் கிளம்புறதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே தேங்காயும் போட்டு நல்லெண்ணெயும் தாராளமா ஊத்தி செஞ்சு, எண்ணெ மினுமினுப்போட காயவச்சு கட்டிட்டேன், அங்க போய் பிரிச்சா பழைய எண்ணெக் குப்பிய மோந்த மாதிரி ஒரு சிக்கு வாடை. இப்போ செய்யுற மொறை என்னன்னா தேங்காயும் இல்ல, எண்ணெயும் இல்ல, வெறும் அரிசி பருப்பு காய் புளி மசாலாவோட வேகவச்சு காயவைக்கேன், தேங்காப்பால் பவுடர் பாக்கெட் தனியா, சின்ன டப்பாவுல நெய் தனியா, பொரிச்ச வடகம் தனியா. சாப்பிடும்போது சேத்தா வீட்டு ருசில முக்காவாசி வந்துரும். சொதிய விட்டுருங்க, காய மட்டும் காயவச்சு அங்க போய் பவுடர் கலக்கி அதுக்கு சொதின்னு பேரு வச்சுக்கிடலாம், சொதி மாப்பிள்ள விருந்துச் சாப்பாடுதான், ஆனா மலையில மாப்பிள்ள வீட்டுக்காரங்க யாரும் பாக்கப் போறதில்ல. மட்டன் குழம்பும் இதே கதைதான், மேல மெதக்குற கொழுப்ப பாத்தாலே தெரியும்லா.

கோழி வேணும்னா தோலு கொழுப்பு இல்லாத கறியா வாங்கி குக்கர்ல நல்லா வேகவிட்டு நாரு நாரா பிச்சுப் போட்டு காயவைங்க. பச்சைக் கறிய நேரா மெஷின்ல வைக்காதீங்க, கோழி உள்ளுக்குள்ள 74 டிகிரி தொட்டு வெந்த பிறகுதான் காயணும், மெஷின் சூட்டுல அது நடக்காது. கறி பொட்டலத்த கிளம்புற நாள் வரைக்கும் ஃப்ரீசர்ல வச்சுக்கிடுங்க. முட்டையும் பாலும் வீட்டுல காயவைக்கவே வேண்டாம், முட்டைல சால்மோனெல்லாங்கிற கிருமி பயம் இருக்கு, ரெண்டுமே பவுடரா கடையில கெடைக்கு.

சோறு விஷயத்துல இன்னொண்ணு இருக்கு, இது பல பேருக்கு தெரியாது. அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா, அதோட வித்து கொதிக்க வச்சாலும் சாகாது, சோறு வெதுவெதுன்னு மணிக்கணக்கா இருந்தா முளைச்சு வெஷத்த உண்டாக்கும், வாந்தி எடுக்க வைக்கிற அந்த வெஷம் திரும்ப கொதிக்க வச்சாலும் போகாது. அதனால மத்தியானம் வடிச்ச சோத்த ராத்திரி வரைக்கும் பானையிலயே வச்சுட்டு அப்புறமா மெஷின்ல போடுற வேல வேண்டாம், வடிச்ச உடனே பரப்பி ஆறவிட்டு தட்டுல ஏத்திருங்க. "நாங்கெல்லாம் பழைய சோறு தின்னு வளந்தவங்க"ன்னு ஒரு அண்ணாச்சி எங்கிட்ட சண்டைக்கு வந்தாவ. அண்ணாச்சி, அது தண்ணி ஊத்தி புளிக்க வச்சது, அந்தப் புளிப்பு ஒரு காவல். ஈரச் சோறு தட்டுல கெடக்குறது வேற சங்கதி. அரிசின்னு பாத்தா எங்க வீட்டுல அம்பை 16 புழுங்கல்தான், குழையாம உதிரி உதிரியா வடிச்சிட்டா காஞ்சதும் மணி மணியா பிரிஞ்சு வரும், குழைஞ்சா அப்பளம் மாதிரி ஒட்டிக்கிட்டு கத்தியால பேக்கணும்.

மெஷின் வாங்கினதும் அடுத்து எல்லாரும் செய்யுறது சூட்ட கூட்டுறது. சீக்கிரம் முடிஞ்சிரும்னு நெனைக்காங்க. சூடு கூடினா வெளித்தோல் சட்டுன்னு இறுகி ஓடு மாதிரி ஆயிரும், உள்ள இருக்குற ஈரம் வெளிய வர வழி இல்லாம மாட்டிக்கிடும், கைக்கு காஞ்ச மாதிரி இருக்கும், பத்து நாள் கழிச்சு பூசணம். காய்கறிக்கு 52லேருந்து 57 டிகிரி, சோறு பருப்பு கூட்டாஞ்சோறுக்கெல்லாம் 57லேருந்து 60 பக்கம் வச்சா போதும். 60க்கு கொஞ்சம் கீழதான், ஆனா ஃபேன் காத்து ஓடுறதால கிருமி வளர்றதுக்கு முன்னாடி காஞ்சிரும். மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி எங்க மைனி வீட்டு ஓடிஜில, கேக் சுடுற கரண்ட் அடுப்புல, செஞ்சு பாத்தேன், அது 100 டிகிரிக்கு கீழ எறங்கவே இல்ல, கிடைச்சது காஞ்ச சோறு இல்ல, வறுத்த சோறு.

காய்ல முருங்கக்காய அப்படியே போடாதீங்க, சக்கைதான் மிஞ்சும், வேகவச்சு உள் சதைய வழிச்சு சேருங்க. கேரட் பீன்ஸ் எல்லாம் சுண்டுவிரல் நகம் சைஸுக்கு, ஒரே அளவா. கொண்டக்கடலை அர வேக்காடா காஞ்சா மலையில அது கூழாங்கல்லு, குழைய வேகவச்சு கரண்டியால பாதி நசுக்கணும். துவரம்பருப்பு பிரச்சனையே பண்ணாது. இடிசாம்பார் மாதிரி கெட்டிக் குழம்ப மெல்லிசா தடவி காயவச்சா தகடா வரும், படக்குன்னு ஒடியுற பதம் வந்ததும் மிக்ஸியில ஒரு ஓட்டு.

காஞ்சிருச்சான்னு சூட்டோட தொட்டுப் பாக்காதீங்க, ஆறுன பிறகு பாருங்க, சூட்டுல எல்லாமே மெத்துன்னுதான் இருக்கும். ஆறினதும் சோறு அள்ளிப் போட்டா கலகலன்னு சத்தம் கேக்கணும். கேட்டதும் உடனே பாக்கெட் போட்டுறாதீங்க, கண்ணாடி பாட்டில்ல முக்கால் அளவு போட்டு ஒரு வாரம் வைங்க, தெனமும் ஒரு குலுக்கு குலுக்குங்க, உள்பக்கம் லேசா வேர்த்தாப்ல பனி படிஞ்சா திரும்பவும் மெஷினுக்கு. பூசணம் தெரிஞ்சா எல்லாத்தையும் கொட்டிருங்க, பாத்து பாத்து பொறுக்குற வேல வேண்டாம். ஈரம் போகாமலே வேக்குவம் பாக்கெட்ல அடைக்கிறது இத விட மோசம், காத்தில்லாத எடத்துல வளர்ற கிருமியும் இருக்கு, அது பூசணம் மாதிரி கண்ணுக்கும் தெரியாது. ஆனி ஆடில தென்காசி பக்கம் இருக்குறவங்க கூடுதலா பாத்துக்கிடுங்க, சாரல் காத்து வீசுற நேரத்துல தட்ட வெளிய எடுத்து வச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்தா போதும், எல்லாம் நமுத்துப் போயிருக்கும்.

தண்ணி அளவு. இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு, நான் ரெண்டாவது ட்ரிப்புக்குத்தான் கண்டுகிட்டேன். காயவைக்குறதுக்கு முன்னாடி எடை போடுங்க, காஞ்ச பிறகும் போடுங்க. என் ஒரு ஆள் பங்கு கூட்டாஞ்சோறு 600 கிராம், காஞ்சதும் 180 கிராம், கொறஞ்ச 420தான் நீங்க திரும்ப ஊத்த வேண்டிய தண்ணி, அத பாக்கெட் மேலயே மார்க்கர்ல எழுதிருங்க. மலையில கை நடுங்குற குளிர்ல எவனும் கணக்கு போட மாட்டான். கொதிக்க வச்சு உடனே சாப்பிட ஒக்காரவும் கூடாது, 3000 மீட்டர் உயரத்துல தண்ணி 90 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிரும், வீட்டுல பத்து நிமிஷத்துல ஊறுனது அங்க இருபது நிமிஷம் கேக்கும். மொதல்ல பச்சத் தண்ணில கா மணி நேரம் ஊறப் போடுங்க, அப்புறம் ஒரு கொதி, அப்புறம் பாத்திரத்த துண்டால சுத்தி ஜாக்கெட்டுக்குள்ள வச்சு மூடிருங்க, கேஸும் மிச்சம். கேஸ் சிலிண்டர ரயில்லயோ ஃப்ளைட்லயோ கொண்டு போக முடியாது, டெல்லி போற திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல ஏறும்போது அடுப்பு மட்டும் பையில இருக்கட்டும், சிலிண்டர டேராடூன்ல வாங்கிக்கிடுங்க.

நம்ம பக்கத்து மலைன்னா கதையே வேற. பாபநாசத்துக்கு மேல காரையாறு, முண்டந்துறை எல்லாம் புலிகள் காப்பகம், பெர்மிட் இல்லாம காட்டுக்குள்ள ட்ரெக் போக முடியாது, பெர்மிட்டோட போனாலும் தீ மூட்டுறது தப்பு. 2018ல குரங்கணி காட்டுத்தீயில எத்தன பேர இழந்தோம். நம்ம பக்கத்து மலைக்கு கூட்டாஞ்சோத்த காயவச்சு கொண்டு போனா திங்க வழி இல்லாம முழிக்கணும். அதுக்குன்னு நான் மெஷின தொடுறதே இல்ல, அவல்னு ஒண்ணு இருக்குல்லா, நெல்ல ஊறவச்சு வறுத்து இடிச்சே கடைக்கு வருது, பச்சத் தண்ணில ஊறிரும். கெட்டி அவல் ஒரு கை, பொடிச்ச உடன்குடி கருப்பட்டி, வறுத்த நிலக்கடல, எல்லாம் ஒரே டப்பாவுல. நடக்க ஆரம்பிக்கும்போது தண்ணி ஊத்தி மூடி பையில போட்டா, எங்கயாவது ஒரு பாறையில ஒக்காரும்போது ரெடியா இருக்கும்.