பிளைண்ட் வில்லி ஜான்சனின் ஸ்லைடு கிட்டார்: பழகும் முறை

டெக்சஸ் தெருமுனைகளில் பாடிப் பிழைத்தவர் பிளைண்ட் வில்லி ஜான்சன் (1897–1945). சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. 1927 முதல் 1930 வரை கொலம்பியா நிறுவனத்துக்கு 30 பாடல்கள் பதிவு செய்தார். பாட்டெல்லாம் தேவாலயத்துப் பாட்டு, கை மட்டும் சுத்தமான ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. வரியின் கடைசிச் சொற்களை அவர் வாய் விட்டுவிடும். மிச்சத்தை ஸ்லைடு, அதாவது விரலில் மாட்டித் தந்திமேல் வழுக்கும் குழாய், பாடி முடிக்கும். அதனால் எடுத்துக்கொண்ட பாட்டு முதலில் உங்கள் வாயில் முழுதாக நிற்க வேண்டும். வாயில் வராததைக் கையில் கொண்டுவர முயல்கிறவர்கள்தான் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.

கிட்டாரை ஓபன் டி சுருதிக்கு மாற்றுங்கள். தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. சுரம் தெரிந்தவர்கள் ச ப ச க ப ச என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். வழக்கமான சுருதியிலிருந்து ஆறாவது, இரண்டாவது, முதல் தந்திகளை இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) அளவு இறக்க வேண்டும். மூன்றாவதை ஒரு ஃப்ரெட் அளவு. ஐந்தாவதும் நான்காவதும் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொன்றையும் தேவைக்குச் சற்றுக் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றி நிறுத்துங்கள். இறக்கியபடியே விட்டால் முறுக்காணியில் இருக்கும் தளர்வு காரணமாக இரண்டே நிமிடத்தில் சுருதி நழுவும். சரிபார்க்க: ஆறாவதின் 7ஆம் ஃப்ரெட் ஐந்தாவதோடும், ஐந்தாவதின் 5 நான்காவதோடும், நான்காவதின் 4 மூன்றாவதோடும், மூன்றாவதின் 3 இரண்டாவதோடும், இரண்டாவதின் 5 முதல் தந்தியோடும் ஒத்துப்போக வேண்டும். கடைசியாக மூன்றாம் தந்தியை ட்யூனர் காட்டுவதைவிட 10 முதல் 14 சென்ட் (ஒரு ஃப்ரெட் அளவில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைத்துப் பாருங்கள். ஆறு தந்தியையும் சேர்த்து மீட்டும்போது காந்தாரம் உறுத்தாமல் அமரும்.

சுருதி இறங்கியதும் தந்தி தொய்யும். 0.010 அங்குலத் தடிமனில் தொடங்கும் மெல்லிய தந்தி செட் போட்டிருந்தால் ஸ்லைடு அழுத்தி ஃப்ரெட்டில் இடித்து ‘கடகட’ என்று கேட்கும். 0.013இல் தொடங்கும் செட் போடுங்கள். 12ஆம் ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 2.5 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். அதற்கு மேல் உயர்த்தினால் விரலால் பிடிப்பது கஷ்டம். ஸ்லைடை முழுக்கத் தவிர்த்துவிட்டு அவர் வாசித்த பாடல்களும் உண்டு என்பதால் விரலுக்கும் வழி வேண்டும்.

கண்ணாடிக் குழாயோ பித்தளைக் குழாயோ, சுண்டுவிரலில் மாட்டுங்கள். மற்ற மூன்று விரல்களும் ஸ்லைடுக்குப் பின்னால், அதாவது தலைப்பக்கம், தந்திகளை லேசாகத் தொட்டபடி இருக்க வேண்டும். அந்தத் தொடுதல் இல்லாவிட்டால் பின்பக்கத் தந்தியும் சேர்ந்து முனகும். புதிதாகப் பழகுகிறவர்களின் வாசிப்பு கலங்கலாகக் கேட்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

விரலை இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே வைத்துப் பழகிய கை, ஸ்லைடையும் அங்கேயே கொண்டுபோகும். சுரம் இறங்கிக் கேட்கும். ஸ்லைடு ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது கண் சில மில்லிமீட்டர் ஏமாற்றும். கண்ணை மூடிக்கொண்டு, ஆறாம் தந்தியின் சட்ஜத்தை ஒலிக்கவிட்டு, முதல் தந்தியில் 12, 7, 5 என்று காதால் தேடுங்கள். ஜான்சனுக்குக் காது ஒன்றுதான் அளவுகோல். அவர் பதிவுகளில் சுரம் எவ்வளவு துல்லியமாக நிற்கிறது என்று கேட்டால் இந்தப் பயிற்சியின் அருமை புரியும். நம் கோட்டுவாத்தியக் கலைஞர்களுக்கும் இது தெரிந்த வேலை.

அடுத்தது காந்தாரம். முதல் தந்தியில் 3ஆம் ஃப்ரெட் சாதாரண காந்தாரம், 4 அந்தர காந்தாரம். ப்ளூஸின் உயிர் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. 3க்குச் சற்று மேலே தொடங்கி மெல்ல ஏறுங்கள், 4ஐத் தொடாமலே திரும்புங்கள். சுரம் நின்ற பிறகு அசைவு கொடுங்கள்: ஸ்லைடு முன்னும் பின்னும் கால் ஃப்ரெட்டுக்கு மேல் போகக் கூடாது. சுரத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே ஆட்டத் தொடங்கினால் சுருதி விட்டுப்போனதைத்தான் மறைக்கிறீர்கள்.

வலக்கைப் பெருவிரல் நான்கு, ஐந்து, ஆறாம் தந்திகளில் ஒரே சீராகத் தாளம் போடட்டும். உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் (உடல்பக்கம் தந்திகளைத் தாங்கும் கட்டை) மேல் வைத்தால் அடிநாதம் ‘தொம் தொம்’ என்று அடங்கி வரும். ‘நோபடிஸ் ஃபால்ட் பட் மைன்’ பாட்டை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். தாளக்கட்டு தெளிவாக இருக்கிறது. 75 சதவீத வேகத்தில் ஓடவிட்டு இரண்டு இரண்டு வரியாகப் பிடியுங்கள். பழைய 78 சுழற்சித் தட்டுகளின் வேகம் சீரானதல்ல. பதிவின் சுருதி டிக்குச் சற்று மேலேயோ கீழேயோ இருந்தால் உங்கள் கிட்டாரை அதற்கு ஏற்றிக்கொள்ளுங்கள், காதைச் சந்தேகிக்க வேண்டாம்.

‘டார்க் வாஸ் த நைட்’ அதற்குப் பிறகுதான். 1927 டிசம்பர் 3 அன்று டல்லஸில், அவருடைய முதல் பதிவு நாளில் ஒலித்தது அது. 1977இல் வாயேஜர் விண்கலங்களின் தங்க இசைத்தட்டிலும் ஏறியது. அதில் சொல் கிடையாது, முனகல்தான். கட்டான தாளமும் கிடையாது. ஆலாபனை மாதிரி மூச்சின் நீளத்துக்கு வாசிக்க வேண்டும். தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியோடு பழகினால் பாட்டு செத்துவிடும். முனகலை நீங்களே பாடி, மூச்சு முடிகிற இடத்தில் ஸ்லைடைத் தொடங்குங்கள்.

அவருடைய கரகரத்த அடித்தொண்டைக் குரலைப் பின்பற்றாதீர்கள். பழக்கமில்லாத தொண்டை அரை மணி நேரத்தில் புண்ணாகும். உங்கள் இயல்பான குரலே போதும்.

ஒரு வரி கைக்கு வந்ததும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாதி வரியைப் பாடிவிட்டுக் கடைசி இரண்டு மூன்று சொற்களை ஸ்லைடிடம் விடுங்கள். அந்தப் பாட்டு தெரிந்த யாரிடமாவது போட்டுக்காட்டுங்கள். விட்ட சொல் அவர் காதில் விழவில்லை என்றால், அந்த இடத்தை வாயால் பத்து முறை பாடிவிட்டுத் திரும்பவும் கிட்டாரை எடுங்கள்.