ஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா? முதல் நாள் ராத்திரியே இதையெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்

டாக்டர் சீட்டில் வயிற்று ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்திருப்பார். ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்தால் "காலையில வெறும் வயித்துல வாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வெறும் வயிறு என்றால் எத்தனை மணி நேரம், தண்ணீர் குடிக்கலாமா, பிரஷர் மாத்திரை போடலாமா என்று நாமாகக் கேட்டால்தான் பதில் வரும். என் அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. போன வருடம் ஒரு சென்டரில் பதினொன்றரை மணிக்கு வரச் சொன்னார்கள். அம்மா சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலக் காலையிலேயே போட்டுவிட்டு எதுவும் சாப்பிடாமல் வந்து உட்கார்ந்தவர், பன்னிரண்டு மணிக்குக் கை நடுங்கி வியர்த்துச் சாய்ந்துவிட்டார். சர்க்கரை இறங்கிவிட்டது. ஜூஸ் கொடுத்து எழுப்பினோம், ஜூஸ் உள்ளே போனதால் அன்றைக்கு ஸ்கேனும் இல்லை. இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன்.

சர்க்கரை உள்ளவர்கள் அன்றைய முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், ஏழு, ஏழரை என்றால் நல்லது. மாத்திரை, இன்சுலினை என்ன செய்வது என்று சீட்டு எழுதிய டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஸ்கேன் முடிந்து சாப்பிடும்போது போடச் சொல்வார்கள். பிரஷர் மாத்திரையைப் பொதுவாக ஒரு வாய் தண்ணீரோடு போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் டிபனும் ஒரு இனிப்பு பாக்கெட்டும் இருக்கட்டும்.

வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். காரணம் பித்தப்பை. சாப்பிட்டதும், முக்கியமாகக் கொழுப்பு உள்ளே போனதும், அது சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளிவிடும். சுருங்கிய பையில் கல் இருக்கிறதா என்று பார்ப்பது கஷ்டம். "சாப்பிடல, ஒரு காபி மட்டும்தான்" என்று சொல்கிறவர்கள் திரும்பிப் போக வேண்டி வருவது இதனால்தான், காபியில் பால் இருக்கிறதே! பச்சைத் தண்ணீர் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, ப்ராஸ்டேட் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்: ஒரு மணி நேரம் முன்னால் சுமார் ஒரு லிட்டர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடலை ஒதுக்கித் தள்ளிவிடும், பின்னால் இருப்பது தெளிவாகத் தெரியும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வருகிறவர்கள் வீட்டிலேயே குடித்துவிட்டு வழியெல்லாம் தவிக்க வேண்டாம், சென்டருக்கு வந்து டோக்கன் போட்டபிறகு குடியுங்கள்.

கர்ப்பிணிகளுக்குத் தேதிதான் முக்கியம். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரின் அளவைப் பார்க்கும் என்டி ஸ்கேன் 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள், குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள். என்டிக்கு உரிய நாள் தாண்டிவிட்டால் அந்த அளவை எடுத்துப் பயனில்லை, அதனால் முன்கூட்டியே நேரம் வாங்கிவிடுங்கள். அடையாள அட்டை கேட்பார்கள், ஒரு படிவத்தில் கையெழுத்தும் வாங்குவார்கள். கருவில் ஆணா பெண்ணா என்று கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் வருடச் சட்டப்படி அது கட்டாயம். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்.

அப்புறம் எம்ஆர்ஐ. இதில் கதிர்வீச்சு கிடையாது, காந்தம்தான். ஆனால் அந்தக் காந்தம் ஸ்கேன் நடக்காத நேரத்திலும் வேலை செய்துகொண்டே இருக்கும், ராத்திரியும் அணையாது. 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போன ஒருவர் அதோடு சேர்த்து இழுக்கப்பட்டு இறந்தே போனார், அவர் நோயாளிகூட இல்லை, துணைக்கு வந்தவர். அதனால் இரும்பு எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, துணைக்கு நிற்கிறவருக்கும் இதே விதிதான். பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் வைத்த கருவி, ஸ்டென்ட், எலும்பில் பிளேட், உடம்பில் எங்காவது தங்கிப்போன இரும்புத் துண்டு, எது இருந்தாலும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஆபரேஷன் நடந்தபோது கொடுத்த அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் கொண்டுபோங்கள். இப்போது வைக்கும் ஸ்டென்ட் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது அவர்கள்.

நகை விஷயத்தை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்றாலும் படத்தைக் கெடுக்கும், சூடேறவும் செய்யலாம். தாலிச் சரடைக் கழற்ற அம்மாக்கள் தயங்குவார்கள், அதிலும் அதில் மாட்டியிருக்கும் ஊக்குதான் உண்மையில் ஆபத்து. மஞ்சள் தடவிய வெறும் நூல் கயிறு ஒன்றை முதல் நாளே கட்டிக்கொண்டால் மனசும் நிம்மதி, ஸ்கேனுக்கும் தடை இல்லை. மெட்டி இறுகிப்போயிருந்தால் ராத்திரியே சோப்புப் போட்டுக் கழற்றுங்கள். மூக்குத்தி, தாயத்து, அரைஞாண், ஹேர்பின் எதையும் மறக்க வேண்டாம். போனையும் ஏடிஎம் கார்டையும் வெளியே இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

உள்ளே இருபது நிமிடத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும், தகரத்தைத் தட்டுவதுபோலச் சத்தம் வரும், காதுக்குப் பஞ்சோ ஹெட்போனோ தருவார்கள். மூச்சு முட்டும்போல் இருந்தால் கையில் கொடுக்கும் பந்தை அழுத்தினால் வெளியே இழுத்துவிடுவார்கள். அடைத்த இடம் என்றாலே பயம் என்றால் நேரம் வாங்கும்போதே சொல்லுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சிடி ஸ்கேன் சில நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் கதிர்வீச்சு உண்டு. கதிர்வீச்சை அளக்கும் மில்லிசீவர்ட் கணக்கில் ஒரு மார்பு எக்ஸ்ரே சுமார் 0.1 என்றால், வயிற்று சிடி சுமார் 8. டாக்டர் தேவை என்றால் பயப்படாமல் எடுங்கள், நாமாகப் போய் "முழு உடம்புக்கும் எடுங்க" என்று கேட்க வேண்டாம். கர்ப்பமாக இருக்கலாம் என்று சின்னச் சந்தேகம் இருந்தாலும் எக்ஸ்ரே, சிடி இரண்டுக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள். படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து போடுவதாக இருந்தால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் சமீபத்திய கிரியேட்டினின் ரிப்போர்ட் கேட்பார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முன்பு இந்த மருந்தால் அரிப்போ மூச்சுத் திணறலோ வந்தவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டதுபோலவும் தோன்றும். போயிருக்காது, பயப்படாதீர்கள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்கள் இருக்கின்றன. சாதாரண சிடிக்கு 500 ரூபாய், எம்ஆர்ஐக்கு 2,500 ரூபாய் என்று வெகுகாலமாக வாங்கி வந்தார்கள், வெளியே ஆவதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. காத்திருக்க வேண்டி வரும், அவசரமில்லாத ஸ்கேனுக்கு அது தாங்கக்கூடியதுதான். ஓபி சீட்டு போட்டு அங்கே உள்ள டாக்டர் எழுதித் தர வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் காட்டிக் கேளுங்கள். தனியார் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு ஓபி ஸ்கேனுக்கு மட்டும் பணம் பெரும்பாலும் கிடைக்காது, ஆனால் அடுத்த சில வாரத்துக்குள் அதே நோய்க்கு அட்மிட் ஆக நேர்ந்தால் சேர்த்துக் கேட்கலாம், அதனால் பில்லையும் டாக்டர் சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

கிளம்பும்போது பழைய படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டி போன வருடமும் அதே அளவில் இருந்ததா என்பது பழைய படம் இருந்தால்தான் தெரியும். ரிப்போர்ட் வந்ததும் கடைசியில் "இம்ப்ரெஷன்" என்று இருக்கும் பகுதியை மட்டும் படித்துவிட்டு நெட்டில் தேடிப் பயந்து ராத்திரி தூங்காமல் கிடக்காதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போங்கள். பிலிமோடு படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். பிலிமைப் பைக் பெட்டியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்க வேண்டாம், இப்போது வரும் பிலிம் பலதும் சூட்டில் கறுத்துவிடும்.