வீக்கெண்ட் பிளான் போடுறப்பவும் டவுன்ல சாமான் எடுக்குறப்பவும் நம்ம பக்கம் நடக்குற தவறுகள்

சனி ஞாயிறு வந்தா ஹட்டன், தலவாக்கல, நுவரெலியா, பண்டாரவள, எந்த டவுன எடுத்தாலும் நம்ம தோட்டத்து ஆளுங்க தான் நெறஞ்சி இருப்பாங்க, ஆனா திரும்பி வர்ற பஸ்ஸுல பார்த்தா பாதி பேர் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு தான் ஒக்காந்திருப்பாங்க. சல்லி பத்தாம போறது ஒரு காரணம் தான், இல்லன்னு சொல்லல. ஆனா அத விட பெரிய காரணம், எத்தன மணிக்கு போறம், யார் யாரு வாறாங்க, கையில எவ்ளோ இருக்கு, கட்டாயம் எடுக்க வேண்டிய சாமான் என்னான்னு வீட்டுல இருக்கயிலயே வாய தொறந்து கதைச்சிக்கிறதில்ல, எல்லாத்தையும் பஸ்ஸ்டாண்ட்ல எறங்கின பொறகு தான் முடிவு பண்றம்.

மொதல்ல இந்த "பார்ப்போம்"ங்கிற பதில விடணும். வியாழக்கிழம அக்கா கேப்பாங்க "ஞாயித்துக்கிழம டவுனுக்கு போவமா?"ன்னு, தங்கச்சி "பார்ப்போம்க்கா"ன்னு சொல்லும், அக்கா அத சரின்னு எடுத்துக்கிட்டு வெள்ளனயே புள்ளைகள கெளப்பி எட்டு மணி பஸ்ஸுக்கு ரோட்டுல வந்து நின்னா, தங்கச்சி அந்த நேரம் தான் பீலியில உடுப்பு தொவைச்சிக்கிட்டு இருக்கும். அப்புறம் ஒரு வாரத்துக்கு பேச்சுவார்த்த இல்ல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்றது மரியாத கொறவே இல்ல, "இந்த வாரம் கை காலியா இருக்குக்கா, அட்வான்ஸ் போட்ட பொறகு போவம்"ன்னு சொன்னா எந்த அக்காவும் கோவிக்க மாட்டாங்க. வாறதா இருந்தா எந்த பஸ், எந்த எடத்துல ஏறுறது, எத்தன மணிக்கு திரும்புறதுன்னு சேர்த்து சொல்லிடணும். திரும்புற நேரத்த தான் யாருமே கதைக்கிறதில்ல, கடைசி பஸ் போன பொறகு தான் அது ஞாபகம் வரும், அப்ப ஆட்டோக்கு குடுக்குற காசுல ஒரு கிலோ பருப்பு எடுத்திருக்கலாம்.

தேதி பார்க்காம பிளான் போடுறதும் பெரிய தவறு. தோட்டத்து சம்பளம் 10ஆந் தேதி, அட்வான்ஸ் 25 வாக்குல, அதனால 10க்கு பொறகு வர்ற ஞாயிறு டவுன்ல கால் வைக்க எடமிருக்காது. அன்னைக்கு அரிசியும் மாவும் மட்டும் எடுத்துட்டு உடுப்பு சப்பாத்தெல்லாம் அடுத்த வாரத்துக்கு தள்ளி வச்சா கடைக்காரங்க நின்னு காட்டுவாங்க, சைஸ் மாத்தி போட்டு பார்க்கலாம், நெருக்கடியில கைப்பையில பிளேடு போடுறவன் தொல்லையும் கொறவு. போயா, அதான் பௌர்ணமி லீவு, எப்ப வருதுன்னும் பார்த்துக்கோங்க, அன்னைக்கு எறச்சிக்கட பூட்டு, விருந்தாளிய போயாக்கு வர சொல்லிட்டு காலையில கோழிக்கு ஓடி பிரயோசனமில்ல, மொத நாளே எடுத்து வச்சிடணும். போயா வெள்ளியிலயோ திங்கள்லயோ வந்தா கொழும்புல வேல செய்ற நம்ம புள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்துல வீட்டுக்கு கெளம்பும், பஸ்ஸுல சீட் கெடைக்காது. டிசம்பர் போயால இருந்து மே வெசாக் போயா வரைக்கும் சிவனொளிபாத மல சீசன், அந்த மாசங்கள்ல சனி ஞாயிறு ஹட்டன்ல நல்லதண்ணி பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டத்துல மஸ்கெலியா பக்கத்து ஆள்கள் சாமான் பேக்கோட ஏறவே கஷ்டப்படணும். ஏப்ரல்ல நுவரெலியா சீசன், அப்ப டவுனுக்குள்ள வாகனம் நகராது, வெலையும் சீசன் வெல. அந்த மாசம் சாமான் எடுக்க நுவரெலியா தான் வேணும்னு நிக்காதீங்க, வெலிமட, தலவாக்கல பக்கம் போறது நல்லது.

சுத்தி பார்க்க போறவங்க பண்ற பெரிய தவறு சுணங்கி கெளம்புறது. "ஆறுதலா பத்து மணிக்கு போவம்"ன்னு சொல்லி ஹோட்டன் சமவெளிக்கு போனா உலக முடிவுங்கிற அந்த பெரிய பள்ளத்துல வெள்ள மூட்டம் தான் தெரியும், ஒம்பது பத்து மணிக்கெல்லாம் மூட்டம் ஏறிடும், விடியக்காலையிலயே வாசல்ல நிக்கணும். தம்பேத்தன்ன லிப்டன் சீட்டுன்னு மல மேல இருந்து பார்க்குற எடத்துக்கும் இதே கத தான். ஹப்புத்தளயில ஆடிசம் பங்களா பார்க்கணும்னா சனி ஞாயிறு, அரசாங்க லீவு, ஸ்கூல் லீவுல தான் தொறப்பாங்க, வேல நாள்ல லீவு போட்டு போய் கேட்டுக்கு வெளிய நின்னு திரும்பினவங்க இருக்காங்க. நம்ம பக்கம் பின்னேரம் எப்ப மழ வரும்னு சொல்ல முடியாது, அதனால காலையில வெயில் அடிச்சாலும் கொடயும் ஸ்வெட்டரும் பேக்குல இருக்கட்டும், முக்கியமா சின்ன புள்ளைகளுக்கு.

வேன் ஹயர் புடிச்சி நாலஞ்சி குடும்பம் சேர்ந்து போறதா இருந்தா காச பத்தி முன்னுக்கே பேசுங்க. ஓடுற கிலோமீட்டருக்கா, மொத்தமா ஒரு கணக்கா, நிக்கிற நேரத்துக்கு தனியா எடுப்பாங்களா, டிரைவர் சாப்பாடு யார் கணக்கு, சின்ன புள்ளைகளுக்கு பாதியா முழுசா, இதெல்லாம். "அதெல்லாம் பொறகு பார்த்துக்கலாம் மச்சான்"ன்னு சொல்ற மச்சான் தான் கடைசியில கூட போட்டுட்டு வருசக்கணக்கா அத சொல்லிக்கிட்டு இருப்பாரு. ஒருத்தர் காசு சேர்க்கட்டும், வாட்ஸ்அப்ல யார் எவ்ளோ குடுத்தாங்கன்னு எழுதி போடட்டும், யாருக்கும் மனக்கொற வராது. ஆனா "நாங்க எல்லாரும் மூணு நாளைக்கு ட்ரிப்"ன்னு ஸ்டேட்டஸ் மட்டும் போடாதீங்க, வீடு பூட்டியிருக்குன்னு ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிடும், போட்டோவ வந்த பொறகு போடலாம்.

இப்ப கடைக்கு வருவம். புள்ளைகள கூட்டிட்டு போறவங்க எவ்ளோக்கு எடுக்கலாம்னு புள்ளைக்கு சொல்றதில்ல, "வா வா கடையில பார்த்துக்கலாம்"ன்னு கூட்டிட்டு போய் புள்ள ஆசப்பட்டு ஒரு சட்டைய கையில எடுத்த பொறகு வெலைய பார்த்துட்டு "வேணாம், கலர் நல்லால்ல"ன்னு பொய் சொல்றாங்க. புள்ளைக்கு தெரியாதுன்னு நெனைக்கிறம், தெரியும். வீட்டுலயே ஒக்காத்தி வச்சி, "அம்மாகிட்ட ஒனக்கு ரெண்டாயிரத்து ஐநூறு இருக்கு, அதுக்குள்ள நீயே பார்த்து எடு"ன்னு சொல்லி பாருங்க, எட்டு வயசு புள்ள கூட மூணு கட ஏறி எறங்கி கணக்கா எடுக்கும், மிச்சம் புடிச்ச காசுல ஒரு ரிப்பன் வாங்கலாமான்னும் கேக்கும். கொழுந்து பறிச்சி ஒவ்வொரு பேரா, அதாவது ஒவ்வொரு நாள் கூலியா, சேர்த்த காசு, அந்த சட்ட எத்தன நாள் பேருன்னு புள்ளைக்கு தெரியிறதுல வெக்கப்பட ஒன்னுமில்ல.

கூட வர்ற ஆள் விசயத்துலயும் கவனம் வேணும். சித்தி மதினி எல்லாம் ஆசையா தான் வருவாங்க, ஆனா நம்ம பட்ஜெட் அவங்களுக்கு தெரியாததால "இத எடு, இது தான் ஒனக்கு எடுப்பா இருக்கு"ன்னு வெல கூடின சாரிய கடைக்காரர் முன்னுக்கே கையில குடுத்துடுவாங்க, வேணாம்னு சொல்ல நமக்கு வெக்கம், எடுத்துட்டு வந்து அடகு கடைக்கு ஓடுவம். பஸ்ஸுலயே காதுல "சித்தி, நாலாயிரத்துக்கு மேல போக ஏலாது"ன்னு சொல்லி வைங்க. அப்புறம் பாருங்க, அந்த சித்தியே நமக்காக கடைக்காரர்கிட்ட வெல பேசுவாங்க.

இதுல ஆக மனச நோவடிக்கிறது எடுத்துட்டு வந்த பொறகு கேக்குற கேள்வி தான். ஒருத்தங்க தீபாவளிக்கு உடுப்பு எடுத்துட்டு நம்ம வரிச வீட்டு லயத்துக்குள்ள வந்து நின்னவொடன "எவ்ளோக்கு எடுத்தீங்க? ஐயோ, அந்த கடையில இதே துணி முன்னூறு ரூவா கொறவு, ஏமாத்திட்டானே ஒங்கள." சொல்றவங்க கெட்ட எண்ணத்துல சொல்றதில்ல, ஆனா வாங்கினவங்களுக்கு அந்த உடுப்ப பார்க்குறப்பல்லாம் அந்த முன்னூறு தான் ஞாபகம் வரும், தீபாவளியும் போச்சி. கொறவான கட தெரியும்னா அவங்க போறதுக்கு முன்ன சொல்லுங்க, போய் வந்தாச்சின்னா "நல்லாருக்கு, ஒங்களுக்கு பொருத்தமா இருக்கு"ன்னு சொல்லிட்டு விடுங்க. அதே மாதிரி வாங்கினவங்களும் இல்லாதவங்க வீட்டு வாசல்ல பேக்க பிரிச்சி வெலைய சொல்லிக்கிட்டு இருக்க வேணாம். அந்த வீட்டு புள்ளைகளும் பார்த்துக்கிட்டு தான் இருக்கும்.

மரக்கறி வெளையிற ஊருல இருந்துக்கிட்டு நாமளே மரக்கறியில ஏமாறுறம். கிழங்க எடுத்துக்கோங்க, நுவரெலியா கிழங்குக்கு வெல கூட, அதனால இறக்குமதி கிழங்குக்கு நம்ம பக்கத்து சிவப்பு மண்ண பூசி உள்ளூர் கிழங்குன்னு விக்கிறவங்க இருக்காங்க, அப்புடி புடிபட்ட செய்தியும் வந்திருக்கு. கையில ரெண்டு மூணு எடுத்து வெரலால தேய்ச்சி பாருங்க, புதுசா தோண்டின நம்ம கிழங்குன்னா மண் கண்ணுக்குள்ள ஒட்டியிருக்கும், தோலும் லேசா உரியும், பூசின மண் எல்லா கிழங்குலயும் ஒரே மாதிரி தூளா இருந்து சும்மா கொட்டும். சந்தேகமா இருந்தா வேற கடைக்கு போங்க, சண்ட போட வேண்டியதில்ல. லீக்ஸ், கரட், போஞ்சி எல்லாம் சந்த முடியிற நேரம் வெல எறங்கும்னு கடைசி வரைக்கும் காத்திருக்குறது சில பேர் பழக்கம், லாபம் தான், ஆனா அப்ப கெடைக்கிறது ஒடஞ்சதும் வாடினதும், அன்னைக்கே சமைக்கிறதா இருந்தா மட்டும் அது சரி.

பேக்கட் சாமான்ல அச்சடிச்சிருக்குற அதிகூடிய சில்லற வெலைக்கு மேல யாரும் விக்க கூடாது, சட்டமே அப்புடி தான். மேல ஏறி வர்ற லொறி செலவுன்னு சொல்லி பத்து இருவது கூட எடுத்தா அது தவறு, கேளுங்க, பில் வாங்குங்க. சரி வராட்டி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977ன்னு நம்பர் இருக்கு, அடிச்சி சொல்லலாம். பில்ல டவுன்லயே கசக்கி போட்டுட்டு வந்துட்டா எதையும் சொல்ல முடியாது. வீட்டுல இருந்து துணிப்பை கொண்டு போறதும் நல்லது, 2025 நவம்பர்ல இருந்து பொலித்தீன் பேக்குக்கு தனியா காசு.

கொழும்புல இருக்குற தம்பி மாருக்கு "வர்றப்ப சப்பாத்து ஒன்னு வாங்கிட்டு வா"ன்னு ஒத்த வரியில மெசேஜ் போடுறத நிப்பாட்டுங்க. ஞாயித்துக்கிழம புறக்கோட்டையில நெறைய கட பூட்டியிருக்கும், நடபாத யாவாரம் தான், அவன் சனிக்கிழம வேல முடிஞ்சி ஓடணும். புள்ளையோட கால ஒரு காயிதத்துல வச்சி பென்சிலால சுத்தி கோடு போட்டு, நீளத்த அளந்து, போட்டோ எடுத்து அனுப்புங்க, எவ்ளோ வரைக்கும் போகலாம்னு எழுதுங்க, சல்லியையும் முன்னுக்கே அனுப்பி விடுங்க. அவனும் ரூமுக்கு வாடக கட்டிட்டு கடைச்சாப்பாட்டுல இருக்குறவன், நாம பொறகு தாறேன்னு சொல்லி மறந்துட்டா வாய விட்டு கேக்க மாட்டான்.

போன் வாங்குறதுல மட்டும் அவசரமே வேணாம். யாரோ சொன்னாங்கன்னு கொறஞ்ச வெலைக்கு எடுக்குற போன் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவுல பதிவில்லாததா இருந்தா சிம் வேல செய்யாம போகலாம். கடையிலயே *#06# அடிச்சா பதினஞ்சி இலக்க ஐஎம்இஐ நம்பர் வரும், மெசேஜ்ல ஐஎம்இஐன்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சி ஒரு எடைவெளி விட்டு அந்த நம்பர போட்டு 1909க்கு அனுப்புங்க, பதில் வந்த பொறகு காச குடுங்க. அதுக்கு நேரம் குடுக்காத கடையில வாங்காதீங்க.

ஃபேஸ்புக்ல லைவ் போட்டு விக்கிற உடுப்புக்கு காச முன்னுக்கே பேங்க்ல போட சொன்னா, தெரிஞ்சவங்க வாங்கி சாமான் வந்ததான்னு கேட்டுட்டு போடுங்க, இல்லாட்டி சாமான் கைக்கு வந்த பொறகு காசு குடுக்குற மாதிரி எடுங்க. அட்ரஸ்ல தோட்டத்து பேர மட்டும் போட்டா பார்சல் டவுன்லயே நின்னுடும், டிவிசன், லயம், வீட்டு நம்பர், பக்கத்துல கோயிலோ ஸ்கூலோ கொழுந்து நிறுக்குற மடுவமோ இருந்தா அதையும் எழுதி, சிக்னல் இருக்குற ஆளோட போன் நம்பர் ஒன்னையும் போடுங்க. வேல நாள்ல கொழுந்து மலையில நிக்கிறவங்க டவுன் கட ஒன்னுல சொல்லி வச்சி அந்த கட அட்ரஸ்க்கு எடுப்பிச்சிட்டு ஞாயித்துக்கிழம போய் வாங்கிக்கிறது இன்னும் லேசு.